மதுரை ரேஸ்கோர்ஸ்ல மோட்டார் ரேஸ் நடந்துச்சா? (பத்து பரோட்டா பந்தயம்)

காளவாசல்_87 · சனி, இரவு 9.12

ஒரு பஞ்சாயத்து. வெவரம் தெரிஞ்சவங்க வந்து தீர்த்து வைங்க.

நேத்து நானும் மச்சானும் (அக்கா வீட்டுக்காரர்) டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தோம். டிவியில அஜித் கார் ரேஸ் ஓடுச்சு. மச்சான் கிளாஸை வச்சுட்டு, "இதையெல்லாம் எங்கப்பா நாப்பது வருசத்துக்கு முந்தியே நம்மூருல பார்த்தாச்சுய்யா. ரேஸ்கோர்ஸ்னு சும்மாவா பேரு வந்துச்சு?"ன்னாரு. அது குதிரை ஓடுன இடம் மச்சான்னேன். கேட்டாத்தானே? "பிப்ரவரி மாசம் பொறந்துட்டா எங்கப்பா ரேசுக்குப் போறேன்னு கிளம்பிருவாரு. நாலு நாள் கழிச்சுத்தான் வருவாரு. சட்டை பூரா விளக்கெண்ணெய் வாடை. அம்மா அதை மட்டும் தனியா ஊற வச்சுத் துவைக்கும். குதிரைக்கு எதுக்குய்யா விளக்கெண்ணெய்?"னு ஒத்தப் பிடியா நிக்கிறாரு.

பத்து பரோட்டா, ஒரு மட்டன் சுக்கா பந்தயம். மச்சானோட அப்பா ஆரப்பாளையத்துல லேத் பட்டறை வச்சிருந்தவரு. போய்ச் சேர்ந்து எட்டு வருசமாச்சு, அவரைக் கேக்க வழியில்ல.

கேள்வி இம்புட்டுத்தான்: மதுரை ரேஸ்கோர்ஸ்ல மோட்டார் ரேஸ் நடந்துச்சா, இல்லையா?

---

கூடல்நகர்_பாசஞ்சர் · சனி, இரவு 9.40

பேரு குதிரையால வந்ததுதான். இப்ப அந்த இடம் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், சுத்தி இருக்குறது ரேஸ்கோர்ஸ் காலனி. அங்கயும் டிராக் இருக்கு, ஆனா அதுல ஓடுறது மனுசன்.

அதை விடுங்க. ஆரப்பாளையத்துலருந்து ரேஸ்கோர்ஸுக்குப் போயிட்டு வர நாலு நாளா? தவழ்ந்து போனாலும் ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரலாமே. உங்க மச்சான் இதை யோசிக்கவே இல்லையா?

---

தல_தெற்குவாசல் · சனி, இரவு 9.44

நாலு நாள் வேற எங்கயோ போயிருக்காரு பெரியவரு 😂 கிளறாதீங்க ப்ரோ, குடும்பத்துல குழப்பம் வந்துரும்

---

பழைய_பிளக் · சனி, இரவு 10.31

தெற்குவாசல் தம்பி, செத்தவரை லந்து பண்ணக்கூடாது.

காளவாசல், குதிரையும் இல்ல, மதுரையும் இல்ல. விளக்கெண்ணெய்னு எழுதுன ஒடனே அவரு போன இடம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. சோழவரம்.

இப்ப உள்ள பிள்ளைகளுக்கு டூ ஸ்ட்ரோக்னா ஆர்எக்ஸ் 100 சத்தம் மட்டும்தான் தெரியும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஆயிலைப் பெட்ரோலோட கலந்துதான் எரிக்கணும். தெருவுல ஓட்டுறதுக்குச் சாதா டூ டி ஆயில் போதும். ரேசுல முழு திராட்டில்ல விடாமப் பிடிச்சா பிஸ்டன் சூடாகி சிலிண்டர் சுவத்துல ஒட்டிக்கும், சீஸ்னு சொல்லுவோம். அதனால ரேசுக்கு மட்டும் விளக்கெண்ணெய்ல தயாரான ஆயிலை ஊத்துவாங்க. எம்புட்டுச் சூடு ஏறுனாலும் அது உலோகத்தைவிட்டு நழுவாது. காரியம் முடிஞ்சதும் இன்ஜினைப் பிரிச்சுக் கழுவியாகணும், இல்லைன்னா பிசினு மாதிரி ஒட்டிக்கும். எரியும்போது ஒரு வாடை வரும் பாரு, பாட்டி வீட்டு அகல் விளக்கும் டீசல் ஷெட்டும் ஒண்ணாக் கலந்தா எப்படி இருக்கும், அப்படி. சட்டையில ஏறுச்சுன்னா நாலு தண்ணியில அலசுனாலும் போகாது. எங்கம்மாவும் என்னைத் திட்டியிருக்கு.

நான் சிம்மக்கல்ல பட்டறை போட்டிருந்தேன். 85-லருந்து 89 வரைக்கும் நாலு தடவை சோழவரம் போயிருக்கேன், மூணு தடவை மெக்கானிக்கா, ஒரு தடவை ஓட்டுறவனா. ஓட்டுன கதையைக் கேக்காதீங்க, மூணாவது சுத்துல வைக்கோல் கட்டுக்குள்ள போய்ச் சேர்ந்தேன்.

அப்ப ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ், மீட்டர் கேஜ். மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீஸ்ல பைக்கைப் போடணும்னா டேங்க்ல சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது. குழாயைப் பிடுங்கி, வண்டியைச் சாய்ச்சு, கிளார்க் மூக்கை வச்சுப் பார்த்து, அதுக்கப்புறம்தான் ரசீது. ஹேண்டில்பாரைக் கழட்டி டேங்கோட சேர்த்துக் கட்டி, சாக்கு சுத்தி, மேல ஒரு அட்டையில "எழும்பூர்"னு மையால எழுதித் தொங்கவிடணும். விடிகாலையில எழும்பூர்ல இறங்கி, வண்டியை மெட்டடார் வேன்ல ஏத்தி, செங்குன்றம் தாண்டிப் போகணும். வியாழக்கிழமை ராத்திரி கிளம்புனா திங்கக்கிழமை காலையிலதான் வீடு. நாலு நாள் கணக்கு சரியா வருதா?

---

காளவாசல்_87 · சனி, இரவு 10.50

ஐயா!! உடம்பு சிலிர்க்குது. சோழவரம்னா சென்னைக்கு வடக்க இருக்குற சோழவரம் ஏரி, அதானா? அங்க எப்படி ரேஸ் டிராக் வந்துச்சு?

---

கூடல்நகர்_பாசஞ்சர் · ஞாயிறு, காலை 6.55

இதுக்கு நான் பதில் சொல்றேன்.

சோழவரத்துல டிராக்னு யாரும் தனியாப் போடல. இரண்டாம் உலகப் போர்ல வெள்ளைக்காரன் தெற்க பல இடத்துல விமான ஓடுதளம் போட்டுட்டுப் போனான்: சோழவரம், கயத்தாறு, காரைக்குடி பக்கத்துல செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை. சண்டை முடிஞ்சது, விமானம் போயிருச்சு, தார் மட்டும் கிடந்துச்சு. இங்கிலாந்துலயும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன் விமானப்படைத் தளமா இருந்த இடம். 1948-ல ரேஸ் ஆரம்பிச்சு, 1950-ல ஃபார்முலா ஒன் உலகப் போட்டியோட முதல் ரேஸே அங்கதான். கல்கத்தாக்காரங்க பாரக்பூர் விமானதளத்துல ஓட்டுனாங்க. மெட்ராஸ்ல 50களோட ஆரம்பத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்னு ஒண்ணு கூடுச்சு. சேர்த்தவங்கள்ல ஒருத்தர் இந்து சந்தோக். 2010-ல ஃபார்முலா ஒன் ஓட்டுன கருண் சந்தோக்குக்குத் தாத்தா. அந்தக் கிளப்தான் சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் வச்சது.

அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு எல்லாம் ஓடுச்சு. அதோட சேர்ந்து கோண்டல் மகாராஜா மாதிரி காசுள்ளவங்க வெளிநாட்டு ரேஸ் காரைக் கப்பல்ல இறக்கி ஓட்டுனாங்க. விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டுனது இதே தார்லதான். ஒரு பக்கம் ராஜா வீட்டுக் கார், ஒரு பக்கம் ஆரப்பாளையம் லேத்துல கடைஞ்ச சிலிண்டர் ஹெட்டு. அதான் சோழவரம்.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. மதுரையிலயும் அதே போர்ல, 1942 வாக்குல, விமானப்படை ஓடுதளம் இருந்துச்சு. ஆனா நம்ம தளம் சும்மா கிடக்கல. 50களுக்குள்ள பயணிகள் விமானம் வர ஆரம்பிச்சு, இன்னைக்கு அவனியாபுரம் பக்கத்துல நாம பார்க்குற ஏர்போர்ட் ஆயிருச்சு. விமானம் இறங்குற இடத்துல எவன் பைக் ஓட்ட விடுவான்? மெட்ராஸுக்கு மீனம்பாக்கம் இருந்ததால சோழவரம் காலியாக் கிடந்துச்சு. நம்மகிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் பிளேனுக்குப் போயிருச்சு.

---

ஒத்தக்கடை_யானை · ஞாயிறு, காலை 8.20

அந்தமட்டும் தப்பிச்சோம்.

---

மேலூர்_நடுமாடு · ஞாயிறு, காலை 9.05

மதுரைக்கு ரேஸ் டிராக் இல்லைன்னு யாருய்யா சொன்னது? மேலூர்லருந்து சிவகங்கை வரைக்கும் எந்த ரோட்டைக் காட்டுனாலும் அது டிராக்தான், மாட்டு வண்டிக்கு 😄

சிரிக்காதீங்க. நீங்க 100 சிசி, 350 சிசின்னு பிரிக்கிற மாதிரி எங்ககிட்ட பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டுன்னு வகை இருக்கு. மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துனா அது எந்த வகைன்னு பார்த்துச் சொல்லத் தனி ஆளு. அங்க நடக்குற சண்டையைப் பார்த்தா உங்க கோர்ட்டு கேசெல்லாம் தோத்துப் போகும். வண்டிக்கு ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. தூரத்தை இன்னும் மைல்லதான் நோட்டீஸ்ல போடுவோம், "போய் வர 8 மைல்"னு. கோயமுத்தூர்ப் பக்கம் ரேக்ளான்னு வைக்கிறாங்களே, அது 200 மீட்டர், 300 மீட்டர், கடிகாரத்தைப் பிடிச்சு நேரம் பார்க்குறது. நம்மளது அப்படி இல்ல. எல்லா வண்டியும் சேர்ந்து கிளம்பும், எல்லையில கொடியைச் சுத்தித் திரும்பணும். அந்தத் திருப்பத்துலதான் ரேஸே. உள்பக்கத்தை விட்டவன் ஜோலி முடிஞ்சது.

பழைய பிளக் ஐயா, பைக்கும் அப்படித்தானா?

---

பழைய_பிளக் · ஞாயிறு, காலை 10.10

அப்படியேதான் அப்பு. நேர்ல எல்லாவனும் ஓட்டுவான். சோழவரம் ஓடுதளம் அகலம், பிளேன் இறங்குறதுக்குப் போட்டது. அதனால எல்லாப் பயலும் அக்சிலரேட்டரைத் திருகிட்டு வருவான். திருப்பத்துல வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கியிருக்கும், அங்க வந்ததும் ரோடு சட்டுனு சுருங்குன மாதிரி ஆயிரும். பத்து வண்டி ஒரே வாசல்ல நுழையப் பார்க்கும். பிரேக்கை எவன் கடைசியாப் பிடிக்கிறான்னு ஒரு வீம்பு. நான் வைக்கோலுக்குள்ள போனது அந்த வீம்புலதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ரேசைவிட எனக்கு மனசுல நிக்கிறது அதுக்கு முந்தின நாள் நடக்குற ஸ்க்ரூட்டினி, அதான் வண்டிச் சோதனை. வண்டியை வரிசையில நிறுத்துவாங்க. ஒரு பெரியவர் சப்பணம் போட்டு உக்காந்து, ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்டைத் தொட்டுப் பார்த்தாரு. "கம்பி எங்க?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. போல்டுத் தலையில சின்னதா ஓட்டை போட்டு, மெல்லிசுக் கம்பியைக் கோத்து முறுக்கி, இன்ஜினோட கட்டியிருக்கணுமாம். அதிர்ச்சியில போல்டு கழண்டா ஆயில் டிராக்ல கொட்டும், பின்னாடி வர்றவன் வழுக்கிச் சாவான். நான் ஏழு வருசமா போல்டு டைட் வைக்கிறவன். கழண்டா பின்னாடி வர்றவன் கதி என்னன்னு அன்னைக்கு வரைக்கும் யோசிச்சதே இல்ல. கையில் டிரில் இல்ல. யார்கிட்டயோ கடன் வாங்கி, செங்குன்றம் போய் ஒரு வெல்டிங் கடையில ஓட்டை போட்டு, கம்பி கட்டிக் கொண்டுவந்து காட்டுறதுக்குள்ள பொழுது இறங்கிருச்சு. மதுரைக்குத் திரும்பி வந்து பட்டறையில எந்த வண்டிக்கு ஆயில் மாத்துனாலும் அந்த போல்டை ரெண்டு தடவை தொட்டுப் பார்க்குற பழக்கம் வந்துருச்சு, இன்னைக்கும் இருக்கு.

---

போத்தனூர்_வந்தேறி · ஞாயிறு, பகல் 12.30

பொறந்தது திருமங்கலம், பொழப்பு கோயமுத்தூர்ல. அதனால எங்க பக்கத்துக் கதை.

எல்லாரும் சென்னை சென்னைங்கறீங்க, தமிழ்நாட்டு ரேசுக்குப் பாதி மூளை கோயமுத்தூருதான். சுந்தரம் கரிவர்தன்னு ஒருத்தர், மில்லுக்காரக் குடும்பம். தானே ரேஸ் ஓட்டுவாரு, தானே கார் கட்டுவாரு. 80களோட கடைசியில மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்த சீட்டு ரேஸ் கார் பண்ணுனாரு. இது ஏன் பெரிய விசயம்னா, அதுவரைக்கும் ஒத்த சீட்டு கார் வேணும்னா வெளிநாட்டுலருந்து வரணும், அது மகாராஜாவுக்குத்தான் கட்டும். மாருதி இன்ஜின்னா எந்த ஊரு மெக்கானிக்கும் பிரிப்பான், ஸ்பேர் எந்தக் கடையிலயும் கிடைக்கும். எங்க ஊரு நரேன் கார்த்திகேயன் முதன்முதல்ல ரேஸ் ஓட்டுனது ஃபார்முலா மாருதியிலதான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்குற டிராக்ல. முதல் ரேசுலயே முதல் மூணு இடத்துக்குள்ள வந்தாரு. அங்க ஆரம்பிச்சு 2005-ல ஃபார்முலா ஒன், ஜோர்டான் டீம். அந்த வருசம் அமெரிக்காவுல மிச்செலின் டயர் போட்ட 14 காரும் ஓட்டாம விலகிருச்சு, ஆறு கார்தான் ஓடுச்சு, நரேனுக்கு நாலாவது இடம். "ஆறு பேர்ல நாலாவது"ன்னு கிண்டல் பண்றவங்க உண்டு. கிண்டல் பண்ணட்டும். அந்த ஆறுல ஒண்ணா நிக்கிறதுக்கு ஒரு வாழ்க்கை வேணும்.

கரிவர்தன் 1995-ல சின்ன விமானம் ஓட்டும்போது விபத்துல போயிட்டாரு, வயசு 41. செட்டிபாளையத்துல இருக்குற டிராக்குக்கு அவரு பேருதான், கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர், 2003 வாக்குல வந்துச்சு. மதுரையிலருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியா அடிச்சா காலைச் சாப்பாட்டுக்கு வந்துரலாம். சனிக்கிழமை வாங்க, காபி நான் வாங்கித் தர்றேன்.

---

தல_தெற்குவாசல் · ஞாயிறு, பகல் 1.15

தலயும் ஃபார்முலா மாருதி ஓட்டுனவருதான்!! 2010-ல ஃபார்முலா 2. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரு டீம் தன்னோட பிரிவுல மூணாவது இடம் 🔥 கொடியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனதைப் பார்த்து எங்க தெருவுல வெடி போட்டோம்.

மதுரைக்கு டிராக் வரணும். கப்பலூர் தாண்டி எம்புட்டு இடம் கிடக்கு. அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில 66 ஏக்கர்ல ஜல்லிக்கட்டுக்கு அரங்கம் கட்டலையா? 2024-ல திறந்தாச்சே. சென்னையில தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி கார் ரேஸ் விட்டாங்களே. மதுரைக்காரன் மட்டும் இளிச்சவாயனா?

---

ஒத்தக்கடை_யானை · ஞாயிறு, பகல் 2.02

ஆமா, இளிச்சவாயன்தான். அதனாலதான் எங்க அக்கா பையன் ரிங் ரோட்டுல விழுந்து கால்ல பிளேட்டோட கிடக்கான். பதினெட்டு வயசு. நத்தம் பாலம் 2023-ல திறந்தாங்க, ஏழு கிலோமீட்டருக்கு நேரா ரோடு. ராத்திரி பதினோரு மணிக்கு அங்கிட்டுப் போய்ப் பாருங்க, உங்க "ரேஸ் ஆர்வம்" தெரியும்.

டிராக் வந்தா ரோட்டுல ஓட்ட மாட்டான்னு அடுத்து ஒருத்தர் வந்து சொல்லுவீங்க. சென்னைக்குப் பக்கத்துல 1990-லருந்து டிராக் இருக்கு. ஈசிஆர்ல ஓட்டுறதை நிறுத்திட்டாங்களா? அந்த டிராக்லயே 2023-ல ஒரே வருசத்துல ரெண்டு சாவு. ஒண்ணு 13 வயசுப் பையன். பதிமூணு! எட்டாம் கிளாஸ் படிக்க வேண்டிய வயசு.

இடம் கிடக்குதாம். எவன் காட்டுல கிடக்கு? கண்மாயைத் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டுன்னு கட்டியாச்சு. மிச்சத்துல கார் ஓட்டப் போறீங்களா?

---

நெறியாளர் · ஞாயிறு, பகல் 2.30

சூடு வேணாம். நடிகர் ரசிகர் சண்டை இந்த இழைக்குள்ள வந்தா பூட்டிருவேன்.

---

கொடிக்காரி · ஞாயிறு, மாலை 5.48

அண்ணே, ஒத்தக்கடை அண்ணே. உங்க கோபம் நியாயம். அந்தப் பையன் விசயத்தை நினைச்சா எனக்கும் தூக்கம் வராது. ஆனா நான் கொஞ்சம் உள்ள இருந்து பார்த்தவ, அதனால எழுதுறேன்.

சொந்த ஊரு திருப்பாலை, வேலை சென்னையில. லீவு நாள்ல ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்குற இருங்காட்டுக்கோட்டை டிராக்ல மார்ஷலா நிப்பேன். சம்பளத்துக்கு இல்ல, ஆசைக்கு. சோழவரத்துக்கு அப்புறம் வந்த டிராக் இதுதான். ஓடுதளம் ராணுவத்தோட இடம், ஒவ்வொரு ரேசுக்கும் அனுமதி கேக்கணும். அதனால கிளப்பே சொந்தமா இடம் வாங்கிக் கட்டுச்சு, 1990-ல திறந்தாங்க. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. நான் நின்ன வளைவுல நிழலே கிடையாது. மே மாசம் ஓவரால் மாட்டிக்கிட்டு நின்னா ஆம்பூர் பிரியாணி தம்ல வேகுற மாதிரிதான்.

மார்ஷலுக்கு முதல் பாடம்: ஓடுற டிராக்குக்கு முதுகைக் காட்டாதே. விழுந்தவனைத் தூக்க ஓடும்போதும் முகம் வண்டி வர்ற பக்கம்தான் இருக்கணும். ஒரு ஆள் கொடி, ஒரு ஆள் ஓட்டம், ஒரு ஆள் ரேடியோ. மஞ்சக் கொடி காட்டுனா முந்தக்கூடாது. சிவப்புன்னா எல்லாரும் நிறுத்தணும். ஆம்புலன்ஸும் டாக்டரும் அவங்க இடத்துல நிக்காம ஒரு வண்டியும் உள்ள போகாது. ஒரு தடவை ஆம்புலன்ஸ் ஒருத்தரை ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. அடுத்த வண்டி வந்து நிக்கிற வரைக்கும் மொத்த ரேசும் நின்னுச்சு. வெயில்ல வரிசையில நின்ன பசங்க முணுமுணுத்தாங்க. யாரும் கேக்கல.

இத்தனை இருந்தும் சாவு விழுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரிங் ரோட்டுல இதுல ஒண்ணுகூட இல்ல, எதிர்க்க லாரி வேற வரும். டிராக் வந்தா ரோட்டுல ஓட்டுறது நின்னுரும்னு சொல்றவங்க பேச்சையும் நம்பாதீங்க. ஒரு தடவை டிராக்ல ஓட்டிப் பார்த்தவன் ரோட்டுல ஓட்டப் பயப்படுறான், அதைக் கண்ணால பார்த்திருக்கேன். ஓட்டிப் பார்க்காதவன் மாற மாட்டான்.

பொண்ணுங்க யாராவது இந்த இழையைப் படிச்சா: ஓட்டுறதுக்கும் வாங்க. சென்னை அலிஷா அப்துல்லாவோட அப்பாவே பைக் ரேசர். எனக்கு அப்படி அப்பா இல்ல, ஸ்கூட்டி வாங்கிக் குடுக்கவே ரெண்டு வருசம் யோசிச்சாரு. அதான் கொடியோட நிக்கிறேன் 😊

---

ஒத்தக்கடை_யானை · ஞாயிறு, மாலை 6.20

தங்கச்சி, முதுகைக் காட்டாதேன்னு சொன்ன இடம் மனசுல நிக்குது. உங்களைத் திட்டல நான்.

ஆனா கண்மாய் கேள்விக்கு எவரும் பதில் சொல்லல.

---

கூடல்நகர்_பாசஞ்சர் · ஞாயிறு, மாலை 6.45

கண்மாய் வேணாம், வயலும் வேணாம். செட்டிநாட்டு ஓடுதளம் கால்நடைப் பண்ணைக்குள்ள கிடக்கு. காரைக்குடி பக்கம். போர்க்காலத் தார், மேல மாடு மேயுது. விமானம் விடணும்னு அடிக்கடி கோரிக்கை எழும், அப்படியே அடங்கும். என்னைக் கேட்டா வருசத்துக்கு ரெண்டு நாள் அங்க ஓட்டலாம். சோழவரம் பொறந்த மாதிரியே. செலவு கம்மி, வைக்கோலுக்கும் பஞ்சமில்ல.

மேலூர்க்காரர் மாடு மேயுற இடத்தைப் பிடுங்கப் பார்க்குறான்னு சண்டைக்கு வராம இருந்தாச் சரி.

---

மேலூர்_நடுமாடு · ஞாயிறு, மாலை 6.51

வருவேன். நல்லா வருவேன்.

---

பழைய_பிளக் · ஞாயிறு, இரவு 8.15

ஆளாளுக்கு இடம் தேடுறீங்க. இடம் எப்பவும் பிரச்சினை இல்லப்பா.

மோட்டார் தொழில் நம்மூருக்குப் புதுசா? டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல தொழிலை ஆரம்பிச்சது மதுரையை வச்சுத்தான். அந்தக் குடும்பத்துலருந்து வந்த டிவிஎஸ் கம்பெனி 1982-லயே ரேஸ் டீம் வச்சிருச்சு. ஆனா பைக் தொழிற்சாலை இருக்குறது ஓசூர்ல. நம்மகிட்ட மிஞ்சுனது என்னன்னா, கை. அங்க வேலை பழகி வெளிய வந்தவன், அவன்கிட்ட பழகுனவன், அவன்கிட்ட பழகுன நான். சிலிண்டர்ல காத்து போற வழியை, போர்ட்டுன்னு சொல்லுவோம், அதை எம்புட்டு அரம் போடணும், ஹெட்டை லேத்துல எம்புட்டு இறக்கணும், சைலன்சரை எங்க வயிறு மாதிரி உப்ப விடணும்னு காகிதமே இல்லாம சொல்லுற ஆளுக இருபது பேரு இந்த ஊருல இருந்தாங்க.

சோழவரத்துலருந்து திரும்பி வந்து, 91-ன்னு ஞாபகம், நாங்க ஏழு மெக்கானிக் சேர்ந்து மதுரையில ஒரு கிளப் ஆரம்பிக்கலாம்னு உக்காந்தோம். மொதல்ல புழுதியில ஒரு ரேஸ், அறுவடை முடிஞ்ச காடு போதும். காட்டுக்காரர் சரின்னுட்டாரு. போலீஸ்ல ஒரு நல்ல அதிகாரி, அவரும் சரின்னாரு. ஸ்பான்சருக்கு டயர் கடைக்காரர் ஒத்துக்கிட்டாரு. எல்லாம் கூடி வந்துச்சு. எங்க உடைஞ்சது தெரியுமா? போஸ்டர்ல. யாரு தலைவர், யாரு போட்டோ பெருசு, யாரு பட்டறை பேரு மொதல்ல. மூணு நாள் சண்டை. நாலாவது நாள் ரெண்டு போஸ்டர் வந்துச்சு, ரெண்டு கிளப். அஞ்சாவது நாள் ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு போஸ்டர்ல ஒண்ணுல இருந்த பெரிய போட்டோ என்னோடதுதான், அதையும் ஒத்துக்கிறேன்.

மெட்ராஸ்ல காசு இருந்துச்சுதான். ஆனா காசுள்ளவன் எல்லாவனும் ஒரே இடத்துல நாப்பது வருசம் உக்கார மாட்டான். அவங்க உக்காந்தாங்க. ஒருத்தர் கொடி பிடிச்சாரு, ஒருத்தர் நேரம் குறிச்சாரு, ஒருத்தர் எனக்கு போல்டுல கம்பி கேட்டாரு. அந்தப் பெரியவர் போட்டோ எந்தப் போஸ்டர்லயும் நான் பார்த்ததில்ல.

---

காளவாசல்_87 · ஞாயிறு, இரவு 9.30

ஐயா, இழை எங்கயோ போயிருச்சு, நான் மச்சான் வீட்டுக்குப் போனேன். பரணுல மாமாவோட டூல் பெட்டி இருந்துச்சு. ஸ்பேனர் எல்லாம் துரு. அடியில ஒரு பிளாஸ்டிக் டப்பா, கேமரா பிலிம் போட்டு வருமே அந்தக் கறுப்பு டப்பா. ஆட்டுனா கலகலன்னு சத்தம். திறந்தா, குட்டிக் குட்டியாப் பித்தளை, திருகு மாதிரி, தலையில கோடு, நடுவுல ஊசி ஓட்டை. ஒவ்வொண்ணுலயும் நம்பர் பொறிச்சிருக்கு. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு. அக்கா தோடு திருகாணின்னு நினைச்சுருச்சு.

இது என்னது ஐயா?

---

பழைய_பிளக் · ஞாயிறு, இரவு 9.41

மெயின் ஜெட்டு தம்பி. கார்புரேட்டர்ல பெட்ரோல் எம்புட்டுப் போகணும்னு முடிவு பண்ற ஓட்டை. நம்பர் கூடுனா ஓட்டை பெருசு. மதுரைக் காத்துக்கு ஒரு நம்பர், கடலோரக் காத்துக்கு ஒரு நம்பர், காலைக்கு ஒண்ணு, உச்சி வெயிலுக்கு ஒண்ணு. ஒரு ரவுண்டு ஓட விட்டு, பிளக்கைக் கழட்டி மூக்குப் பக்கம் பார்க்கணும். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, பிஸ்டன் ஓட்டையாயிரும். கறுப்பா இருந்தா அதிகம், வண்டி இழுக்காது. காபித்தூள் கலர்ல இருந்தா அதை வச்சுக்க.

ரேஸ் பார்க்கப் போறவன் பதினொரு ஜெட்டு கொண்டு போக மாட்டான். உங்க மாமா பார்க்கப் போகல. எவனோ ஒருத்தன் வண்டிக்குப் பக்கத்துல பிளக் ஸ்பேனரோட உக்காந்திருக்காரு, ஒவ்வொரு வருசமும்.

---

காளவாசல்_87 · ஞாயிறு, இரவு 10.26

மச்சான்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அப்ப நான்தான் ஜெயிச்சேன்"னாரு.

ரேஸ்கோர்ஸ்ல நடக்கலையே மச்சான்னேன். "எங்கப்பா மோட்டார் ரேசுக்குப் போனாரா இல்லையா, அதைச் சொல்லு"ங்கறாரு. பரோட்டாவுல பாதி நான் குடுக்கறதா முடிவாச்சு. சுக்கா முழுசும் அவரு கணக்கு. அடுத்த வாரம் போத்தனூர் அண்ணன் காபி வாங்கித் தர்றேன்னாருல்ல, அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு பேச்சு. டப்பாவை எடுத்துக்கிட்டு வரணுமாம்.

ஐயா, அந்த ஜெட்டெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ஊசியை விட்டுச் சுத்தம் பண்ணலாமா?

---

பழைய_பிளக் · ஞாயிறு, இரவு 10.33

விட்டுறாத! ஊசி, கம்பி எதையும் உள்ள விடாத, ஓட்டை பெருசாயிரும், அப்புறம் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. மண்ணெண்ணெய்ல ஒரு ராத்திரி ஊறப் போடு. காலையில வாயால ஊது.